நான் குப்பையில் போட்ட நட்சத்திரங்கள்

துறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் போன வாரம் என் வீட்டுக்கு வந்தபோது, பெரியவரைப் பார்த்து ஆசி வாங்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவசரமாக வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். பழைய கணினியின் கடவுச்சொல் கேட்க வந்திருக்கிறீர்கள் என்பது காப்பி குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. எழுதிக்கொடுத்தேன். போகிற போக்கில் ஒருவர், "உங்க அனுபவத்தையும் எழுதிக் குடுங்க சார்" என்று மரியாதைக்குச் சொன்னீர்கள். மரியாதைக்குச் சொல்வதையெல்லாம் நிஜமென்று எடுத்துக்கொள்வது எனக்குப் பழைய வியாதி. ஆகவே இது.

அந்தக் கணினிக்குள் 'குப்பை' என்று ஒரு கோப்புறை இருக்கும். நான் வைத்த பெயர்தான். அதைத் திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நாம் செய்கிற வேலை என்னவென்று பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்து என் சொந்தக்காரர்களுக்கு இன்றுவரை விளங்கியதில்லை. வானத்தைப் பார்க்கிற உத்தியோகம் என்றதும், "ஏனுங்க, இந்த வருசம் மழ எப்படீங்க?" என்றுதான் கேட்பார்கள். வேறு சூரியன்களைச் சுற்றுகிற கோள்களைத் தேடுகிறேன் என்பேன். "கெடச்சா என்னுங்க பண்ணுவீங்க?" என்பார்கள். எண்ணுவேன் என்பேன். அதோடு எழுந்து போய்விடுவார்கள். தென்னையை எண்ணினாலாவது பிரயோசனம் உண்டு.

ஆனால் எண்ணுவதுதான் நம் வேலை. அதிலும் தன் நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டு மூன்று நாளில், ஐந்து நாளில் ஒரு சுற்றை முடித்துவிடுகிற கோள்களை எண்ணுவது. அங்கே ஒரு வருஷம் என்பது மூன்று நாள். அங்கே பிறந்திருந்தால் வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதத்தில் நான் ஓய்வு பெற்றிருப்பேன். துறைக்கும் நல்லதாக இருந்திருக்கும். கோள் குறுக்கே வரும்போது நட்சத்திரத்தின் வெளிச்சம் துளி குறைகிறது. விண்கலம் அந்தக் குறைவை அளந்து அனுப்புகிறது. நாம் பட்டப்பகலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, எந்த அளவுக் கோள் எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறது என்று கணக்கெடுக்கிறோம்.

முதலில் ஒரு சின்னத் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பெரியதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில் கல்லூரி மொட்டைமாடியில் இருந்த தொலைநோக்கியை வைத்தே ஒரு கோளைக் கண்டுபிடித்துவிட்டேன். நட்சத்திரத்தின் வெளிச்சம் குறைந்தது, கூடியது, மறுபடி குறைந்தது. பதினாறு பக்கம் எழுதி என் குருநாதரிடம் கொண்டுபோனேன். பெயர் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அவர் பதினாறு பக்கத்தையும் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, "உன் கிரகத்துல தேங்கா வெளயுதாப்பா?" என்றார். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் தொலைநோக்கிக்குக் குறுக்கே ஆடிய தென்னை மட்டையைத்தான் நான் கோள் என்று எழுதியிருந்தேன். இருவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். பதினாறு பக்கத்தையும் அவரே கிழித்துப் போட்டார். வெளியே ஒருவரிடமும் சொல்லவில்லை.

அவரிடமிருந்து நான் கற்றுக்கொண்டது அந்தக் கேலியை. கதவைச் சாத்தியதைக் கவனிக்கவில்லை.

அதற்குப் பல வருஷம் கழித்து, நானும் ஓரளவு பெரிய ஆளான பிறகு, ஒரு கட்டுரை எழுதினேன். நட்சத்திரத்தை ஒட்டிச் சுற்றும் கோள்களில் இரண்டு கூட்டம் உண்டு என்று உங்களுக்குத் தெரியும். சின்னதாக, மொட்டைப் பாறையாக ஒரு கூட்டம். கனத்த வாயுப் போர்வை போர்த்திக்கொண்டு உப்பலாக ஒரு கூட்டம். இரண்டுக்கும் நடுப்பட்ட அளவில் ஏறக்குறைய காலி. இந்தப் பிரிவினைக்குக் காரணம் கோளின் பிறவிக் குணமா, இல்லை பக்கத்தில் இருக்கிற நட்சத்திரத்தின் கைவரிசையா என்பது கேள்வி. நட்சத்திரத்துக்குப் பெரிய பங்கு எதுவும் இல்லை, எந்த நட்சத்திரத்தைச் சுற்றிப் பார்த்தாலும் கோள்களின் பரவல் ஏறக்குறைய ஒன்றுதான் என்று நான் எழுதினேன். நல்ல பெயர் கிடைத்தது. இரண்டு இடத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கும் வாயுப் போர்வை அப்படித்தான் வந்தது.

அந்த முடிவுக்கு நான் எப்படி வந்தேன் என்பதைக் கேளுங்கள். சில நட்சத்திரங்களின் வெளிச்சம் நிலையாக இருக்காது. இளம் நட்சத்திரங்கள் அப்படித்தான். வேகமாகச் சுழலும், உடம்பெல்லாம் கரும்புள்ளி, திடீர் திடீரென்று சீறும். அவற்றின் வரைபடம் நடுங்கும். அந்த நடுக்கத்தில் கோளின் சின்னக் குறைவைப் பிரித்தெடுப்பது பெரிய தலைவலி. நம் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது: பட்டியலைச் சுத்தம் செய்வது. நடுங்குவதையெல்லாம் எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, சாதுவானதை மட்டும் வைத்துக்கொள்வது. எல்லோரும் செய்வதுதான். நான் கொஞ்சம் அதிகச் சுத்தக்காரன். சீறுகிறதையெல்லாம் 'குப்பை' என்று பெயர் வைத்த கோப்புறையில் கொண்டுபோய்த் தள்ளினேன். மிச்சம் இருந்தவை வயதான, அடங்கிய, ஒன்றுபோல் ஒன்றான நட்சத்திரங்கள். பிறகு அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 'அட, நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் வித்தியாசமே இல்லையே' என்று ஆச்சரியப்பட்டேன்.

கோபக்காரர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, இந்த அறையில் யாருக்கும் கோபமே வருவதில்லை என்று ஆராய்ச்சி முடிவு எழுதியவன் நான்.

இதைக் கண்டுபிடித்தது ஒரு பெண். மறையூர்க்காரி. இரண்டு வருஷ ஃபெல்லோஷிப்பில் எங்களிடம் சேர்ந்தாள். அவள் அப்பா மறையூரில் கரும்பு போட்டு, சொந்தக் கொட்டகையில் வெல்லம் காய்ச்சுகிறவர். அவள் பெயரை எழுத எனக்கு இன்னும் அனுமதி இல்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். வந்த ஆறாவது மாதம் என் அறை வாசலில் நின்றாள்.

"சார், அந்தக் குப்பை ஃபோல்டரை நான் பாக்கலாமா?"

"எதுக்கும்மா? பேரைப் பாத்தா தெரியலையா?"

"சும்மா சார். ஒவ்வொண்ணா பாக்குறேன்."

"பாரு, பாரு. பழைய பேப்பர்க்காரன் வந்தா போட்டுடலாம்."

சிரித்தாள். அதுவரை என் கேலி யாரையும் காயப்படுத்தவில்லை. அவள் ஒரு வருஷம் அதிலேயே உட்கார்ந்தாள். ஒவ்வொரு வரைபடத்தையும் தன் கண்ணால் பார்த்து, பக்கத்தில் தமிழில் ஒரு வரி எழுதி வைப்பாள். 'ரொம்ப நடுங்குது.' 'புள்ளி சுத்துது, கோள் இல்ல.' 'நடுங்குது, ஆனா பொய் சொல்லல.'

அவளுடைய ஃபெல்லோஷிப்பை நீட்டிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய கமிட்டி வந்தது. திருவனந்தபுரத்திலிருந்து தலைவர், கூட இருவர். நீட்டிப்பு கிடைத்தால் அவள் ஆராய்ச்சியில் இருப்பாள். இல்லையென்றால் வீட்டுக்கு. அவ்வளவுதான், நடுவே எதுவும் இல்லை. இரண்டாம் மாடி அறையில் காற்றுக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்திவிட்டு, இருபது பேர் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அவள் முதல் ஸ்லைடில் என் கட்டுரையைப் போட்டாள். இரண்டாவதில் நான் தூக்கிப் போட்ட நட்சத்திரங்களின் பட்டியல். மூன்றாவதில் ஒரே ஒரு வரைபடம். சீறும் இளம் நட்சத்திரங்களைச் சுற்றி, ஒட்டினாற்போல் உப்பல் கோள்கள் இருந்தன. அடங்கிய நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் அதே இடத்தில் மொட்டைப் பாறைகள் மட்டும். இளமையில் நட்சத்திரம் வீசுகிற கடுங்கதிர் பக்கத்துக் கோளின் போர்வையைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துவிடுகிறது. யார் பக்கத்தில் எந்த உருவத்தில் தங்கலாம் என்று தீர்மானிப்பது நட்சத்திரம்தான். நான் பார்த்தது உரித்து முடித்த பிறகு மிஞ்சியதை.

எனக்கு விளங்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் சொன்னது சரி. என் கட்டுரை போச்சு. பொன்னாடை போச்சு. முதுகில் வியர்வை ஓடியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அது புழுக்கத்தால் அல்ல.

தலைவருக்கு விளங்கவில்லை போலிருக்கிறது. இன்னும் எளிதாகச் சொல்லச் சொன்னார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"எங்க ஊர்ல வெல்லம் காய்ச்சுற கொட்டகை இருக்கு சார். கரும்புச் சக்கையப் போட்டு எரிப்பாங்க. தீ முழுசா எரியுறப்ப அடுப்புப் பக்கம் ஒரு ஆளு நிக்க முடியாது. சாயங்காலம் தீ அடங்கினப்பறம் எல்லாரும் அடுப்பை ஒட்டி உக்காந்து பேசிட்டிருப்பாங்க. நம்ம சாயங்காலம் மட்டும் போய்ப் பாத்துட்டு, தீக்கும் ஆளு உக்காருற எடத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னு எழுதினா தப்புதான சார்?"

இதைவிடத் தெளிவாக என் தப்பை நானே சொல்லியிருக்க முடியாது. அந்த நேரத்தில் நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். எழுந்து, 'ஆமாம், அந்தச் சாயங்காலம் போனவன் நான்தான்' என்று சொல்லியிருந்தால் அறையே சிரித்திருக்கும். என் பேரில் சிரித்திருக்கும். எனக்கு அது கைவந்த கலை. நாற்பது வருஷமாக என்னையே கேலி செய்துகொண்டு பிழைத்தவன், ஒரே ஒரு தடவை அது தேவைப்பட்டபோது செய்யவில்லை.

"ஏம்மா," என்றேன், "அப்பறம் அடுத்த மாநாட்ட உங்கப்பா கொட்டகையிலயே வெச்சுக்கலாமா? வர்றவங்களுக்குக் கிரகத்துக்கு ஒண்ணு, நட்சத்திரத்துக்கு ஒண்ணுன்னு மறையூர் வெல்லம் உருண்ட புடிச்சுக் குடுத்துருங்க."

அறை வெடித்தது. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்தாள், நான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே நான்காவது ஸ்லைடைப் போட்டாள். ஆனால் அதற்குப் பிறகு யாரும் திரையைப் பார்க்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் வெல்லம் என்ன விலை என்று பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதுகூடப் பெரிய பாவம் இல்லை. அடுத்ததுதான் பெரியது.

தேநீர் இடைவேளையில் தலைவர் என்னைத் தேடி வந்தார். சிரிப்பெல்லாம் போயிருந்தது. தோளில் கையை வைத்து, தாழ்ந்த குரலில், "மாஷே, ஆ குட்டி பறஞ்ஞது சரியாணோ?" என்றார். அந்தப் பெண் சொன்னது சரிதானா என்று நேராகக் கேட்கிறார். அவருக்குத் தெரியாததை என்னிடம் கேட்கிறார். என் வாய் நிறையப் பழம்பொரி இருந்தது. விழுங்கிவிட்டு 'சரி' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மூன்று வினாடி. நான் விழுங்கவில்லை. வலது கையை எடுத்து, உள்ளங்கை கீழே பார்க்க, இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினேன். சுமார், சொல்ல முடியாது என்று அதற்கு அர்த்தம். அவர் தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

நீட்டிப்பு கிடைக்கவில்லை. 'யோசனை இன்னும் பக்குவப்பட வேண்டும்' என்று எழுதியிருந்தார்கள். என் ஒரு கையாட்டலை ஆங்கிலத்தில் அழகாக மொழிபெயர்த்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் அவள் என் அறைக்கு வந்தாள். பையெல்லாம் கட்டியாகிவிட்டது. "சார், எங்க தப்புப் பண்ணேன்னு சொல்லுங்க. அதை மட்டும் தெரிஞ்சுகிட்டுப் போறேன்" என்றாள். அழவில்லை. நோட்டும் பேனாவும் கையில் வைத்திருந்தாள்.

"தப்புன்னு இல்லம்மா," என்றேன். "இன்னுங் கொஞ்சம் சுத்தம் பண்ணோணும்."

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். பொள்ளாச்சி போய், உடுமலை போய், அங்கிருந்து மறையூர் பஸ் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கிளம்பிப் போனாள்.

அதன் பிறகு வெளியே பலரும் பல வழிகளில் அவள் நின்ற இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். நட்சத்திரத்தின் வயது, எடை, சீற்றம் எல்லாமே பக்கத்துக் கோள்களைச் செதுக்குகின்றன என்று இன்று நீங்கள் பாடமாகவே படித்துவிட்டு வருகிறீர்கள். என் கட்டுரையை யாரும் திட்டவில்லை. வெறுமே மேற்கோள் காட்டுவதை நிறுத்திக்கொண்டார்கள். திட்டியிருந்தால் பதில் எழுதும் சாக்கிலாவது நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஓய்வு பெறுவதற்கு முன் கணினியை ஒழுங்குபடுத்தும்போது குப்பைக் கோப்புறையைத் திறந்தேன். அவள் எழுதிய வரிகள் ஒவ்வொன்றும் அப்படியே இருந்தன. ஒரு பிற்பகல் முழுவதும் படித்தேன். பிறகு என் கட்டுரைக்கு ஒரு திருத்தம் எழுதினேன். எந்த நட்சத்திரங்களை விலக்கினேன், அதனால் முடிவு எப்படித் தவறானது, அதை யார் கண்டுபிடித்தது என்று இரண்டு பக்கம். அவள் பெயரை முதலில் போட்டு, என் பெயரை அடுத்ததாகப் போட்டேன். தபாலில் அனுப்பிக் கையெழுத்து வாங்கலாம் என்று உறையைத் தேடினேன்.

"தபால்ல போட்டா உங்க மூஞ்சிய அந்தப் புள்ள பாக்க வேண்டியதில்லீங்க, அதுதானுங்க?" என்றாள் என் வீட்டுக்காரி. "நேர்ல போங்க. போறப்ப அந்த வாய ஊட்டுலயே வெச்சுட்டுப் போங்க."

போன மாதம் போனேன். சின்னார் காடு தாண்டி மலை ஏறுகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அவள் இப்போது அங்கே மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. மதிய இடைவேளையில் ஆய்வுக்கூடத்தில் உட்கார வைத்தாள். மேஜை முழுக்க விடைத்தாள் கட்டுகள். ஒரு கட்டை நகர்த்தி எனக்கு டீ வைத்தாள்.

"சார் இளைச்சுட்டீங்க."

"பென்ஷன்ல இவ்வளவுதாம்மா வரும்."

சிரித்தாள். நான் தாள்களைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். ஒரு தடவை படித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடி படித்தாள்.

"என் பேரு எதுக்கு சார் முதல்ல இருக்கு?"

"நீ கண்டுபுடிச்சதும்மா."

தாளை மேஜையில் வைத்தாள். "அன்னைக்கு அந்த சேர்மேன்கிட்ட நீங்க கைய ஆட்டினதை நான் பாத்தேன் சார். டீ வாங்க வந்தவ, தூணுக்கு இந்தப் பக்கம் நின்னுட்டிருந்தேன்."

டீயைக் கீழே வைத்தேன்.

"கேலி பண்ணது ஒண்ணும் பெருசா படல. நீங்க எல்லாரையுந்தான் பண்ணுவீங்க. ஆனா கைய ஆட்டினப்ப நெனச்சேன், சாருக்கு ஏதோ தப்பு கண்ணுல பட்டிருக்கு, எல்லார் முன்னாடியும் சொல்ல வேணாம்னு விட்டுட்டாருன்னு. வீட்டுக்கு வந்து மூணு மாசம் தேடினேன் சார். ஒவ்வொரு கணக்கா திரும்பப் போட்டேன். கெடைக்கல. தப்பு இருந்தும் கண்டுபிடிக்கத் தெரியல, அப்ப நமக்கு இந்த வேலை வராதுன்னு முடிவு பண்ணித்தான் பி.எட். சேர்ந்தேன்."

பிறகு கேட்டாள். "நான் சொன்னது சரின்னு உங்களுக்கு எப்ப சார் தெரிஞ்சுது?"

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த பதில் ஒன்று என்னிடம் தயாராக இருந்தது. சமீபத்தில் மற்றவர்களின் கட்டுரைகளைப் படித்த பிறகு கண் திறந்தது என்று. கௌரவமான பதில். அவளும் நம்பியிருப்பாள்.

"மூணாவது ஸ்லைடுலயே தெரிஞ்சுதும்மா," என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். வெளியே பிள்ளைகள் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவுகிற சத்தம். நான் மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன். கேட்டது எனக்கே காதில் விழவில்லை.

"அன்னைக்கு அதை மட்டும் சொல்லியிருந்தீங்கன்னா," என்றாள் திரும்பாமலே, "அங்க இல்லைன்னாலும் வேற எடத்துக்கு எழுதிப் போட்டிருப்பேன் சார். ஆராய்ச்சிய விட்டுப் போயிருக்க மாட்டேன்."

கையெழுத்துக்காகப் பேனாவை நீட்டினேன். வாங்கவில்லை.

"வேணாம் சார், இப்ப போட மாட்டேன். அன்னைக்கு உங்க கையப் பாத்து என் கணக்கு தப்புன்னு நம்பினேன். இன்னைக்கு உங்க வாயக் கேட்டு சரின்னு நம்புறதா? தரவை அனுப்பி வைங்க. முதல்லருந்து நானே ஒரு தடவை போட்டுப் பாக்குறேன். சரியா வந்தா என் பேரு இருக்கட்டும்."

நான் எத்தனையோ மாணவர்களுக்கு வழிகாட்டியவன் என்று என் வழியனுப்பு விழாவில் சொன்னார்கள். ஒரு முடிவை எப்படி நம்ப வேண்டும் என்று அந்த விடைத்தாள்களுக்கு நடுவே நின்று எனக்குச் சொன்னது அவள்தான். அவளை அனுப்பிவிட்டு நான் துறையை நடத்தியிருக்கிறேன்.

மணி அடித்தது. சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டாள். அவள் பார்த்து முடிக்கும்வரை திருத்தம் எங்கும் போகாது, அதுவரை என் தவறான கட்டுரை என் பெயரில் அப்படியே நிற்கும். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன்.

மேஜையில் இருந்த கட்டுகளைப் பார்த்தாள். "பரீட்சைப் பேப்பரெல்லாம் திருத்தி முடிச்ச பெறகுதான் சார்," என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள்.